ரன்-ஃபிளாட் டயர் பஞ்சர்: ஒட்டுவதா, மாற்றுவதா?

கேள்வி: பெங்களூரு சர்ஜாபூர் சாலையில் வசிக்கிறேன். என்னுடைய ஜெர்மன் செடான் காரில் நான்கும் ரன்-ஃபிளாட் (காற்று போனாலும் சிறிது தூரம் ஓடக்கூடிய) டயர்கள், ஸ்டெப்னி கிடையாது. வண்டி 21,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. சென்ற ஞாயிறு இரவு, வேலூருக்குச் சிகிச்சைக்குச் சென்றிருந்த என் தாயாரை அழைத்துக்கொண்டு திரும்பும்போது, சூளகிரி தாண்டியதும் டயர் காற்றழுத்த எச்சரிக்கை விளக்கு எரிந்தது. ஓட்டும்போது எந்த வித்தியாசமும் தெரியவில்லை. அம்மாவை இருட்டில் சாலையோரம் உட்காரவைக்கவும் மனம் வரவில்லை. ஏறக்குறைய 50 கிலோமீட்டர், வழக்கமான 90 வேகத்திலேயே வீடு வந்து சேர்ந்தேன். மறுநாள் காலை 3 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பெட்ரோல் பங்கில் பார்த்தால் வலது பின் டயரில் 6 பிஎஸ்ஐதான் இருந்தது. பஞ்சர் கடையில் ஆணியைப் பிடுங்கி, டயரைக் கழற்றாமலே குச்சி வைத்து அடைத்து 150 ரூபாய் வாங்கினார்கள். சர்வீஸ் சென்டரிலோ, "ரன்-ஃபிளாட்டை ஒட்டவே கூடாது, பின்னால் இரண்டையும் மாற்ற வேண்டும்" என்கிறார்கள். ஒரு டயர் 25,000 ரூபாய்க்கு மேல். என் மைத்துனர், நான்கையும் சாதாரண டயராக மாற்றிவிடச் சொல்கிறார். நான் என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள ஐயா,

ஆணி எவ்வளவு பெரியது, எங்கே குத்தியது என்பதைவிட உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது, விளக்கு எரிந்த பிறகு நீங்கள் 50 கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறீர்கள் என்ற ஒரு வரிதான். ரன்-ஃபிளாட் டயரைப் பொறுத்தவரை, ஓட்டையை அடைப்பது அத்தனை கடினமான வேலை அல்ல; காற்றில்லாமல் அது எவ்வளவு தூரம், எந்த வேகத்தில் சுமை தாங்கி ஓடியது என்பதே அந்த டயரின் ஆயுளை முடிவு செய்கிறது. அதற்கான சாட்சி டயரின் வெளிப்புறத்தில் இருக்காது, உட்புறத்தில்தான் இருக்கும். உங்கள் டயரின் உட்புறத்தை இதுவரை யாருமே பார்க்கவில்லை. பஞ்சர் கடைக்காரர் பார்க்காமல் ஒட்டினார், சர்வீஸ் சென்டரில் பார்க்காமல் மாற்றச் சொல்கிறார்கள். எனவே முதலில் டயரை ரிம்மிலிருந்து கழற்றி உள்ளே பார்க்க வேண்டும் என்பதே என் பதில். மற்றவை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்பதற்கு அந்த டயரின் அமைப்பைச் சற்றுச் சொல்ல வேண்டும். சாதாரண ட்யூப்லெஸ் டயரில் வண்டியின் எடையைத் தாங்குவது காற்றுதான். காற்று இறங்கினால் சைடுவால் (டயரின் பக்கச்சுவர்) மடங்கி, ரிம்மின் விளிம்பு ரப்பரை நசுக்கிக் கிழித்துவிடும், ஓட்டுபவருக்கும் உடனே தெரிந்துவிடும். ரன்-ஃபிளாட்டில் சைடுவாலுக்கு உள்ளே கெட்டியான ரப்பர் அடுக்கு ஒன்றைக் கூடுதலாக வைத்திருப்பார்கள். காற்று முழுவதும் போனாலும் அந்த அடுக்கு தூண்போல நின்று எடையைத் தாங்குகிறது. அதனால்தான் உங்களுக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. மறுநாள் காலை நின்ற வண்டியைப் பார்த்தபோதும் டயர் சப்பையாகத் தோன்றியிருக்காது. ஆனால் தாங்குவதற்கு ஓர் எல்லை உண்டு. பெரும்பாலான தயாரிப்பாளர்கள் சொல்லும் அளவு, காற்று முற்றிலும் போன நிலையில் மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மிகாத வேகத்தில் 80 கிலோமீட்டர் தூரம். அதுவும் பக்கத்து ஊரில் உதவி கிடைக்கும் இடம்வரை போய்ச் சேருவதற்காகக் கொடுத்த அளவே தவிர, அத்தனை தூரம் ஓடியபின் டயர் பழையபடி இருக்கும் என்ற உறுதிமொழி அல்ல.

காற்றில்லாமல் ஓடும்போது, டயர் ஒரு சுற்றுச் சுற்றும்போதெல்லாம் அந்தக் கெட்டியான சைடுவால் ஒருமுறை வளைந்து நிமிர்கிறது. 17 அங்குல ரிம்மில் வரும் உங்கள் வகை கார்களின் டயர் ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 485 முறை சுற்றும். 50 கிலோமீட்டருக்கு 24,000 முறைக்கும் மேல். கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் வளையும் இடம் சூடேறுவதைப்போல, ரப்பரும் அதற்குள் ஓடும் ரேயான் அல்லது பாலியெஸ்டர் நூல் அடுக்குகளும் சூடேறுகின்றன. வேகம் கூடக்கூடச் சூடும் கூடும். ஒரு கட்டத்துக்குமேல் ரப்பருக்கும் நூலுக்கும் இடையிலான பிடிப்பு விட்டுப்போகும், நூலின் வலிமையும் குறையும். பிறகு எவ்வளவு நன்றாக ஒட்டி, எவ்வளவு காற்று அடித்தாலும் அந்தப் பிடிப்பு திரும்ப வராது.

இனி உங்கள் டயருக்கு என்ன நடந்திருக்கும் என்று பார்ப்போம். விளக்கு எரிந்தது என்பதாலேயே காற்று முழுவதும் போய்விட்டது என்று பொருளல்ல. இருக்க வேண்டிய அழுத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கோ நான்கில் ஒரு பங்கோ குறைந்ததுமே எச்சரிக்கும்படிதான் இந்த ஏற்பாட்டை அமைப்பார்கள். 33 பிஎஸ்ஐ இருக்க வேண்டிய டயரானால், சூளகிரியில் 25, 26 இருந்திருக்கலாம். மறுநாள் காலையில் 6 இருந்தது. இடையில் ஓர் இரவு முழுவதும் கழிந்திருக்கிறது. ஆணி குத்திய இடத்திலேயே இருந்ததால் காற்று மெதுவாகவே கசிந்திருக்கும். ஆகவே நெடுஞ்சாலையில் ஓடிய அந்த நேரம் முழுவதும் டயரில் 20 பிஎஸ்ஐக்கு மேல் இருந்திருக்க வாய்ப்புண்டு. இதற்கு எதிரான வாய்ப்பும் அதே அளவு உண்டு: ஓடும் டயரில் ஆணி ஒவ்வொரு சுற்றிலும் தரையில் பட்டு அசைவதால், நிற்கும்போது கசிவதைவிட ஓடும்போது வேகமாகக் கசியும், அப்படியானால் ஒசூரைத் தாண்டும்போதே காற்று பெரும்பகுதி போய், மீதி 25 கிலோமீட்டரை வெறும் சைடுவாலின்மேல் ஓட்டியிருப்பீர்கள். இந்த இரண்டில் எது நடந்தது என்பதைக் கடிதத்தைப் படித்துச் சொல்ல முடியாது. உங்கள் காரின் திரையில் ஒவ்வொரு டயருக்கும் அழுத்தத்தைத் தனித்தனியாக எண்ணில் காட்டும் வசதி இருந்து, அன்றிரவு அதைப் பார்த்த நினைவு இருந்தால், அந்த எண்ணை டயரைக் கழற்றுபவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். சில கார்களில் சக்கரம் சுற்றும் வேகத்தை வைத்து ஊகித்து விளக்கை மட்டும் எரியவிடும் ஏற்பாடுதான் இருக்கும். அதில் எண் கிடைக்காது.

கழற்றிப் பார்க்கும்போது நீங்களும் பக்கத்தில் நிற்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். டயர் ரிம்மை விட்டு வந்ததும் முதலில் உள்ளே கையை விட்டுத் துழாவச் சொல்லுங்கள். கையில் காப்பித்தூள்போலக் கறுப்புப் பொடி ஒட்டிக்கொண்டு வந்தால், சைடுவாலின் உட்பக்கம் ஒன்றோடொன்று உரசித் தேய்ந்திருக்கிறது என்று பொருள். அந்த டயரை அதற்குமேல் ஆராய வேண்டியதே இல்லை. பொடி இல்லையென்றால் டார்ச் அடித்து உட்புறச் சைடுவாலைச் சுற்றிலும் பார்க்க வேண்டும். நல்ல டயரில் அந்தப் பகுதி மங்கிய கறுப்பில், அச்சிலிருந்து வந்த மெல்லிய கோடுகளுடன் ஒரே சீராக இருக்கும். காற்றில்லாமல் ஓடிய டயரில் வட்டமாக ஒரு வளையம் தெரியும். அந்த வளையத்தில் கோடுகள் அழிந்து மழமழவென்று பளபளக்கும், அல்லது நீலம் பாய்ந்திருக்கும், அல்லது விரலால் தடவினால் சுருக்கம் சுருக்கமாகத் தட்டுப்படும். எரிந்த ரப்பர் வாடை சில டயர்களில் ஒரு வாரம்வரைகூட நிற்கும். காற்றைப் பிடித்துவைக்கும் உட்படலம் வெடித்து நூல் தெரிந்தால் கேள்விக்கே இடமில்லை. இந்த அடையாளங்களில் ஒன்றே ஒன்று இருந்தாலும் அந்த டயரை மாற்றத்தான் வேண்டும். "கொஞ்சம்தான் இருக்கிறது, ஓட்டிக்கொள்ளலாம்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

இதை நான் ஒரு தவறிலிருந்து கற்றுக்கொண்டேன். இந்தத் தொழிலுக்கு வந்த சில ஆண்டுகளிலேயே, ரன்-ஃபிளாட் டயர்கள் பெங்களூருக்கு அபூர்வமாக வந்துகொண்டிருந்த காலத்தில், அவசரமாக மைசூர் போக வேண்டும் என்று வந்த ஒருவருக்கு, டயர் வெளியில் புதிதுபோல இருந்ததை நம்பிக் கழற்றாமல் அடைத்துக் கொடுத்தேன். மூன்று வாரம் கழித்து அவர் அதே வண்டியுடன் வந்தார். சைடுவாலில் எலுமிச்சம்பழ அளவுக்குப் புடைப்பு. கழற்றியபோது உள்ளிருந்து ஒரு கைப்பிடி கறுப்புப் பொடி கொட்டியது. குழந்தைகளோடு அந்த வண்டியில் அவர் அந்த மூன்று வாரமும் நெடுஞ்சாலையில் போய்வந்திருக்கிறார். அதன்பிறகு என் பட்டறையில் எந்த ரன்-ஃபிளாட்டையும் கழற்றாமல் ஒட்டியதில்லை. நெடுஞ்சாலை வேகத்தில் 20 பிஎஸ்ஐக்குக் கீழே ஓடியது என்று உறுதியாகத் தெரிந்தால், உள்ளே அடையாளம் எதுவும் தெரியாவிட்டாலும் ஒட்டிக் கொடுப்பதில்லை. இது நான் எனக்கு வைத்துக்கொண்ட வரம்பு.

உள்ளே சுத்தமாக இருந்தால் அடுத்துப் பார்க்க வேண்டியது ஓட்டை. பயணிகள் கார் டயரில் ஒட்டத்தக்க ஓட்டை 6 மில்லிமீட்டருக்கு மிகக் கூடாது, அது தரையில் படும் டிரெட்டின் நடுப்பகுதியிலும் இருக்க வேண்டும். டிரெட் முடிந்து சைடுவால் தொடங்கும் தோள்பகுதியிலோ சைடுவாலிலோ எவ்வளவு சிறிய ஓட்டை இருந்தாலும் ஒட்டக் கூடாது. டயர் அதிகம் வளையும் இடம் அது, அங்கே எந்த ஒட்டும் நிற்காது. முன்பு ஒட்டிய இடத்துக்கு அருகே மறுபடி குத்தியிருந்தாலும் கூடாது.

ஒட்டும் முறை பற்றியும் தெளிவாகக் கேட்டு வாங்குங்கள். உங்களுக்கு இப்போது வைத்திருக்கும் குச்சி, வெளியிலிருந்து ஓட்டைக்குள் திணித்த பிசுபிசுப்பான கயிறு. அது காற்றை நிறுத்தும். ஆனால் உட்படலத்தை மூடாது. ஓட்டை வழியே மழைநீர் இறங்கி, டிரெட்டுக்கு அடியில் இருக்கும் எஃகுக் கம்பி அடுக்கை மெல்ல மெல்லத் துருப்பிடிக்க வைக்கும். நம் ஊர் மழையில் இது சாதாரணமாக நடப்பது. சரியான முறைக்கு நம் கடைகளில் 'மஷ்ரூம் பேட்ச்' என்று பெயர். காளானைப்போலத் தண்டும் குடையும் சேர்ந்த ஒட்டு. குச்சியைப் பிடுங்கிவிட்டு, ஓட்டையின் பாதையைத் துளைப்பானால் சுத்தம் செய்து, உட்புறத்தில் ஓட்டையைச் சுற்றி ரப்பரை மெதுவாகத் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, தூசியை உறிஞ்சி எடுத்து, ரப்பர் பசையைத் தடவ வேண்டும். பசை ஈரமாக இருக்கும்போதே ஒட்டுவதுதான் அவசரக் கடைகளில் நடக்கும் பெரிய பிழை. விரல் முதுகால் தொட்டால் பிடித்தும் பிடிக்காமலும் இருக்கும் பதம் வரும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு தண்டை உள்ளிருந்து வெளியே இழுத்து, குடையைச் சிறு உருளையால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி அழுத்தி, காற்றுக்குமிழி இல்லாமல் படியவைத்து, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தண்டை டிரெட் மட்டத்துக்கு வெட்டிவிட வேண்டும். ஆணி மிகவும் சாய்வாக ஏறியிருந்தால் தண்டும் குடையும் ஒரே துண்டாக இருக்கும் ஒட்டு சரிவராது. தண்டைத் தனியாகவும் பேட்சைத் தனியாகவும் வைக்க வேண்டும். இதையெல்லாம் பார்த்துச் செய்தால் முக்கால் மணி நேரமாவது ஆகும். பத்து நிமிடத்தில் முடித்துத் தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள்.

ரன்-ஃபிளாட்டின் சைடுவால் விறைப்பானது என்பதால் கழற்றி மாட்டுவதற்கும் தனித் திறமை வேண்டும். கடப்பாரைபோன்ற லிவரை வைத்து நெம்பும் கடையில் இதைக் கழற்றவே விடாதீர்கள். டயரை அழுத்திப் பிடிக்கும் துணைக்கை உள்ள இயந்திரம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அழுத்தத்தை எண்ணில் காட்டும் காரானால் வால்வோடு சேர்ந்து ரிம்முக்குள் காற்றழுத்த சென்சார் இருக்கும்; வால்வுக்கு அருகில் இயந்திரத்தின் தலையை வைத்துத் திருகினால் அது உடைந்துவிடும். தெருமுனைக் கடையில் பேச்சை நீட்டாமல், "டயர் பிச்சி ஒளகடெ நோடி" (டயரைக் கழற்றி உள்ளே பாருங்கள்) என்று கன்னடத்தில் சொன்னால் போதும்; அதற்கான இயந்திரம் இல்லாதவர் தாமே வேறு இடத்தைக் காட்டிவிடுவார்.

சர்வீஸ் சென்டரில் "ஒட்டவே கூடாது" என்று சொன்னதைப் பொய் என்று நான் சொல்லமாட்டேன். காற்றில்லாமல் ஓடியதா என்பதை வெளியிலிருந்து அறிய முடியாது என்பதாலேயே, சில கார் நிறுவனங்கள் சேதமான ரன்-ஃபிளாட்டை ஒட்டாமல் மாற்றுவதையே பரிந்துரைக்கின்றன. டயர் தயாரிப்பாளர்களோ இதில் ஒரே கருத்துடன் இல்லை: ஆராய்ந்து பார்த்து ஒருமுறை மட்டும் ஒட்டலாம் என்பவர்களும் உண்டு, கூடாது என்பவர்களும் உண்டு. ஆகவே உங்கள் டயரின் பெயரையும் சைடுவாலில் உள்ள குறியையும் எழுதிக்கொண்டு, அந்தத் தயாரிப்பாளர் என்ன சொல்கிறார் என்று பாருங்கள். பிரிட்ஜ்ஸ்டோனில் 'ஆர்.எஃப்.டி.' என்றும், மிஷெலினில் 'இசட்.பி.' என்றும், கான்டினென்டலில் 'எஸ்.எஸ்.ஆர்.' என்றும், குட்இயரில் 'ஆர்.ஓ.எஃப்.' என்றும் ரன்-ஃபிளாட் குறி இருக்கும். தயாரிப்பாளர் கூடாது என்று எழுதியிருந்தால், உள்ளே எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் நான் ஒட்டச் சொல்லமாட்டேன். ஒட்டலாம் என்று இருந்து, உள்ளேயும் சுத்தமாக இருந்து, ஓட்டையும் நடுவில் இருந்தால், 25,000 ரூபாய் டயரைத் தூக்கி எறிய வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை.

மாற்றத்தான் வேண்டும் என்று வந்தால் ஒன்றா இரண்டா என்ற கேள்வி எழும். இதற்கும் பதில் அளவில்தான் இருக்கிறது. இடது பின் டயரின் டிரெட் ஆழத்தை அளவியால் மூன்று இடங்களில் அளந்து சொல்லச் சொல்லுங்கள். புது டயரில் ஏறக்குறைய 7 முதல் 8 மில்லிமீட்டர் ஆழம் இருக்கும், 1.6 மில்லிமீட்டருக்கு வந்தால் சட்டப்படியே மாற்ற வேண்டும். 21,000 கிலோமீட்டர் ஓடிய பின் டயரில் 5 மில்லிமீட்டர் மீதம் இருப்பதாக வைத்துக்கொண்டால், புது டயரின் ஆரம் இரண்டரை மில்லிமீட்டர் அதிகமாக இருக்கும். அதனால் பழைய டயர் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் மூன்று, நான்கு சுற்று கூடுதலாகச் சுற்ற வேண்டும். நேர்ச்சாலையில்கூட, இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற இடம்கொடுக்கும் டிஃபரென்ஷியல் ஓயாமல் வேலை செய்யும், மழையில் திடீரென்று பிரேக் பிடித்தால் இரண்டு சக்கரமும் ஒரேமாதிரி பிடிக்காது. இந்த அளவு வித்தியாசம் இருந்தால் பின்னால் இரண்டையும் மாற்றச் சொல்வது நியாயம். வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர், ஒன்றரை மில்லிமீட்டர் என்றால் அதே நிறுவனத்தின் அதே வகை டயர் ஒன்றே போதும். நான்கு சக்கரமும் இழுக்கும் வகைக் காராக இருந்தால் இந்தக் கணக்கு இன்னும் கடுமையாகும். அதில் கார் கையேட்டில் சொன்ன வரம்பை மீறினால், முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் கெட்டுவிடும், அந்தச் செலவுக்கு முன் டயர் விலை ஒன்றுமே இல்லை. இரண்டு வாங்கினால் நல்ல நிலையில் இருக்கும் இடது பின் டயர் மிச்சமாகும். அதை மாற்று விலைக்குக் கொடுத்துவிடாமல், வெயில் படாத இடத்தில் வைத்திருங்கள். முன்னாலும் பின்னாலும் உங்கள் காருக்கு ஒரே அளவு டயர் என்றால் பிறகு ஒருநாள் கைகொடுக்கும்.

உங்கள் மைத்துனர் சொல்வது பற்றி. சாதாரண டயரில் வண்டி மெத்தென்று ஓடும், விலை குறைவு, எந்த ஊரிலும் கிடைக்கும் என்பதெல்லாம் உண்மை. நம் நகரச் சாலைப் பள்ளங்களில் ரன்-ஃபிளாட்டின் விறைப்பு உடம்பை உலுக்குவதும் உண்மை. ஆனால் காரில் ஸ்டெப்னி இல்லை, அதை வைக்கும் பள்ளமும் டிக்கியில் இருக்காது. டயர் அழுத்தக் கண்காணிப்பும் பஞ்சர் கிட்டும் உள்ள கார்களுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று 2020-இல் மத்திய மோட்டார் வாகன விதிகளைத் திருத்தியிருக்கிறார்கள். ஆகவே சட்டச் சிக்கல் இராது. கிட்டும் காற்றடிக்கும் சிறு கம்ப்ரெஸரும் வைத்துக்கொண்டு ஓட்டலாம். ஆனால் சைடுவால் கிழிந்தால் அந்தக் கிட் உதவாது. வேலூருக்குப் போய், உடல்நலம் குன்றிய தாயாருடன் இரவில் கிருஷ்ணகிரி, சூளகிரி வழியாகத் திரும்புபவர் நீங்கள். அன்றிரவு நீங்கள் இருவரும் சாலையோரம் நிற்காமல் வீடு வந்தது அந்த விறைப்பான சைடுவாலால்தான். உங்கள் நிலையில் இருந்தால் நான் ரன்-ஃபிளாட்டையே வைத்துக்கொள்வேன். மேலும் மூன்று டயர்களில் பாதி ஆயுளுக்குமேல் மீதம் இருக்கும்போது நான்கையும் கழற்றுவது வீண் செலவு. அவை தேய்ந்து, நான்கையும் ஒருசேர மாற்றும் காலம் வரும்போது இந்தக் கேள்வியை மறுபடி எடுத்துக்கொள்ளலாம். செலவைக் குறைப்பதற்காகப் பழுதான ஒன்றை மட்டும் சாதாரண டயராக மாற்றி, மற்றவற்றை ரன்-ஃபிளாட்டாக விட்டுவிடும் யோசனையை யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். ஒரே அச்சில் இரண்டு விதமான விறைப்புள்ள டயர்கள் இருந்தால், அவசரத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது வண்டி எப்படி நடந்துகொள்ளும் என்று யாராலும் சொல்ல முடியாது.

புது டயர் வாங்கும்போது, அளவோடு சுமைக் குறியீட்டையும் வேகக் குறியீட்டையும் பழைய டயரோடு ஒப்பிடுங்கள். சைடுவாலில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். '2325' என்றால் 2025-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர். 2020 ஜூனில் புது டயர் இறக்குமதிக்கு மத்திய அரசு கட்டுப்பாடு விதித்த பிறகு சில ரன்-ஃபிளாட் அளவுகள் எளிதில் கிடைப்பதில்லை. அதனால் கடையில் நெடுநாள் கிடந்த டயரைத் தலையில் கட்டப் பார்ப்பவர்கள் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கான ஜிஎஸ்டி 28-லிருந்து 18 விழுக்காடாகக் குறைந்திருக்கிறது. உங்களுக்குக் கொடுத்த விலைப்பட்டியலில் எந்த விகிதம் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். பெங்களூரின் ஜே.சி. ரோட்டிலும் மற்ற இடங்களிலும் பாதி விலைக்குக் கிடைக்கும் பழைய ரன்-ஃபிளாட்டை மட்டும் தொடவே வேண்டாம். டிரெட் எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும், அதை எந்த ஊரில், எத்தனை கிலோமீட்டர் காற்றில்லாமல் ஓட்டினார்கள் என்பது விற்பவருக்கே தெரியாது.

காப்பீட்டில் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். வழக்கமான மோட்டார் பாலிசியில், வண்டிக்கும் அதே சமயம் சேதம் ஏற்பட்டால் மட்டுமே டயருக்குப் பணம் தருவார்கள்; அதுவும் மாற்றும் செலவில் 50 விழுக்காடுதான். டயருக்கென்று தனியாகச் சேர்த்த பாதுகாப்பு உங்கள் பாலிசியில் இருந்தால், டயரைக் கழற்றுவதற்கு முன்பே நிறுவனத்துக்குத் தெரிவித்து, ஆணி குத்திய இடத்தையும் உட்புறத்தையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை முடிந்தபின், ஓட்டுநர் கதவருகே ஒட்டியிருக்கும் அட்டவணையில் உள்ள அழுத்தத்தை, டயர் குளிர்ந்திருக்கும்போது அடித்து, எச்சரிக்கை விளக்கையும் மறுபடி அமைத்துத் தரச் சொல்லுங்கள். பெங்களூரின் குளிர்ந்த காலையில் சரியாக அடித்த காற்று, வேலூர் வெயிலில் நான்கைந்து பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும். அங்கே பங்கில் அதைப் பார்த்துவிட்டுக் காற்றை இறக்கிவிடாதீர்கள். பஞ்சரை அடைக்கும் திரவத்தை எந்தக் கடையிலும் டயருக்குள் ஊற்ற விடாதீர்கள். சென்சாரைக் கெடுப்பதோடு, உட்புறத்தில் நான் பார்க்கச் சொன்ன அடையாளங்களையும் மறைத்துவிடும்.

இனி ஒருமுறை விளக்கு எரிந்தால் உடனே 80-க்குக் கீழே, முடிந்தால் 60-க்கு வேகத்தைக் குறைத்து, திரையில் எண் தெரிந்தால் அதைக் குறித்துக்கொண்டு, வெளிச்சமும் ஆள்நடமாட்டமும் உள்ள முதல் பெட்ரோல் பங்கில் காற்றைப் பார்த்து அடித்துக்கொள்ளுங்கள். நீங்கள் வந்த வழியில் அப்படிப்பட்ட இடங்கள் பல உண்டு. இருட்டில் நிற்க வேண்டியதில்லை, வேகத்தைக் குறைத்திருந்தாலே போதும். அங்கே காற்று அடித்துக்கொண்டு வந்திருந்தால் டயரும் அநேகமாகத் தப்பியிருக்கும். அன்றிரவு உங்கள் மனம் தாயாரைப் பற்றித்தான் நினைத்திருக்கும். அதில் நான் குறை காணவில்லை.

அடுத்த முறை அம்மாவை வேலூருக்கு அழைத்துச் செல்லும் நாள் எப்போது என்று நீங்கள் எழுதவில்லை. டயரைக் கழற்றிப் பார்ப்பதற்கு முன் அந்த நாள் வந்துவிட்டால், இந்தக் காரை வீட்டில் விட்டுவிட்டு வாடகை வண்டியில் போய்வாருங்கள். குச்சி வைத்த அந்தச் சக்கரத்தோடு பட்டறைவரை 40 வேகத்தில் போகலாம்; அதைத் தாண்டி வேறெங்கும் வேண்டாம்.